கூமுட்டை எஸ்தர் எழுதுகிறேன்

அக்கா,

நேற்று உன் மகள் வந்து என் கண்ணாடி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். வெறும் பாட்டிலாகக் கொடுக்கக் கூடாது என்று சீனி நிரப்பியிருந்தாள். சோப்புப் போட்டுக் கழுவித்தான் இருக்கிறாள். ஆனாலும் மூடியைத் திறந்ததும் வினிகரும் பூண்டும்தான் முகத்தில் அடித்தன. கிளம்பும்போது வாசலில் வைத்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, நீங்க பேசினதத்தான் எல்லாரும் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்காங்க" என்றாள். அவள் லிஃப்டில் இறங்கிப் போனதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். மூத்த ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி, மரியாதை கொடுக்க வேண்டும் என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். இருபத்தேழு வருடம் கொடுத்தாயிற்று. இந்தக் காகிதத்தில் நீ வெறும் 'நீ'தான். கேட்க வரப்போகிறாயா என்ன.

நான் கல்யாணமாகி தாராவிக்கு வந்தபோது கீழே நீங்கள், மேலே நாங்கள். கோலி என்று சொல்லும் ஒரே அறைக்கு நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். உன் வீட்டுக்காரரான அத்தான், தான் வேலை பார்த்த தோல்பை தைக்கும் பட்டறையிலேயே தம்பியையும் சேர்த்துவிட்டிருந்தார். ஆக நாங்கள் தின்ற சோறும் படுத்த இடமும் உங்கள் தயவு. அதை நீ ஒருநாளும் வாயால் சொல்லிக் காட்டியதில்லை, அது உண்மை. நான் படியில் இறங்கி வரும்போதெல்லாம் நீ என்னைப் பார்க்கும் பார்வையே போதுமானதாக இருந்தது.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்த் திரும்பியதும் ரசத்துக்கு ஒரு முட்டை வைத்தாய். எங்கள் ஊர்ப் பக்கம் முட்டையை அவிப்போம், பொரிப்போம், குழம்பில் உடைத்து ஊற்றுவோம். ஊறுகாய் போட்டு நான் பார்த்ததில்லை. மேலே மஞ்சள் ஏறி, உள்ளே கரு கெட்டியாக, புளிப்பும் உறைப்பும் நாக்கைச் சுண்டி இழுத்தன. பாந்த்ராவில் ஒரு கோவாக்கார அம்மா வீட்டில் சமைத்தபோது கற்றுக்கொண்டது என்றாய். பாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "உள்ளுக்க இருக்கு" என்றாய். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருப்பாய் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

உன் முட்டைக்குச் சபையில் இருந்த மவுசு எனக்குப் பிறகுதான் புரிந்தது. அறுப்பின் பண்டிகைக்கு ஊரில் நெல்லும் வாழைத்தாரும் கொண்டுபோய்ப் படைப்போம், கோவில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். அறுக்க வயலே இல்லாத தாராவியில் அவரவர் கையால் செய்ததைக் கொண்டுவருவார்கள். முறுக்கு, கேக், தோல் பர்ஸ், பின்னிய தொப்பி. அதில் உன் முட்டை பாட்டிலுக்குத்தான் அடிதடி. ஏலம் விடுகிறவர் அதைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைப்பார். நீ முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாய்.

அடுத்த வருடம் எனக்கும் ஆசை வந்தது. புதுப்பெண், கையில் ஒரு தொழில் கிடையாது, நாலு பேர் பெயர் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உன்னிடம்தான் வந்து கேட்டேன். நீ அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாய்.

"கேட்டுக்கோ. புது முட்டை வாங்காத, தோலோட வெள்ளையும் பிஞ்சு வந்துரும். நாலஞ்சு நாளான முட்டையா வாங்கு. நல்லா அவிச்சு, பச்சத்தண்ணில போட்டு உரி. ஊசியால கீசியால குத்திராத, கீறலே விழக்கூடாது. வினிகரு, தண்ணி, உப்பு, கொஞ்சம் சீனி, வத்தல், பூண்டு, கடுகு, மஞ்சப்பொடி எல்லாத்தையும் கொதிக்க வச்சு மேல ஊத்து. ரெண்டு வாரம் ஊறணும். அம்புட்டுதான்."

"அம்புட்டுதானா அக்கா?"

"அம்புட்டுதான்ட்டி."

ஒன்றுவிடாமல் செய்தேன். பாட்டிலை வெந்நீரில் கழுவினேன். முட்டையில் நகம் படாமல் உரித்தேன். பிறகு ஊறுகாய் என்றால் எந்த ஊர்க்காரியும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வெயிலில் வைத்தேன். மாங்காயை வைப்போம், நார்த்தங்காயை வைப்போம், எலுமிச்சையை வைப்போம், முட்டையை மட்டும் வைக்கக் கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? மாடியில் இடமில்லை. வெளியே சாத்தியிருந்த இரும்பு ஏணியில் ஏறி, கூரையின் பத்ரா மேல் பாட்டிலை வைத்தேன். அக்டோபர் மாதத்துத் தகரம், கை வைத்தால் தோல் உரியும். காலையில் ஏற்றி வைப்பேன், சாயங்காலம் இறக்குவேன். பதினான்கு நாள்.

அந்தப் பதினான்கு நாளும் நீ கீழே வாசலில் உட்கார்ந்திருந்தாய். பாத்திரம் தேய்த்தாய், தலை சீவினாய், மீன்காரியிடம் பேரம் பேசினாய். நான் இடது கையில் பாட்டிலை அணைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவதை நிமிர்ந்து பார்த்தாய். ஒருநாள் வாயும் திறந்தாய்.

"பாத்து ஏறுட்டி. வழுக்கும்."

அவ்வளவுதான் சொன்னாய்.

பண்டிகையன்று என் பாட்டிலை ஒரு கமிட்டிக்காரர் ஏலத்தில் எடுத்தார். உன் ஓரகத்தி போட்டது என்றதும் நம்பி எடுத்தார். எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுக்கிறேன் என்று அங்கேயே மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் அந்த நாற்றம். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்தார்கள். ஏலம் விட்டவர் மைக்கை வைத்துக்கொண்டே, "இது யாரு வீட்டுக் கோழிம்மா, கல்லறைத் தோட்டத்துக் கோழியா?" என்றார். முற்றமே சிரித்தது. நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லோரும் பார்க்க உன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாய்.

"அழாதட்டி. சின்னப் பிள்ளதான. அடுத்த தடவ நான் சொல்லித் தாரேன்."

எங்கள் சபையில் இரண்டு எஸ்தர். அன்றைக்குப் பிறகு யாருக்கும் குழப்பமில்லை. "எந்த எஸ்தர்?" "அதான், கூமுட்டை எஸ்தர்." என் மகளை ஞாயிறு பள்ளியில் கூமுட்டை மகள் என்று கூப்பிட்டார்கள். நாலு வயதுப் பிள்ளை வந்து, "அம்மா, கூமுட்டைன்னா என்ன?" என்று கேட்டாள்.

விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கடைசிவரை கேட்கவில்லை. நான் சொல்கிறேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு நீங்கள் ஊருக்குப் போயிருந்தீர்கள். சந்து முனையில் கூல்டிரிங்க்ஸ் கடை வைத்திருந்த வடநாட்டுப் பையா என்னைக் கூப்பிட்டார். "பாபி, தீதி கா அண்டா லே ஜாவோ, ஃபிரிட்ஜ் மே ஜகா நஹி ஹை" என்றார். இடமில்லையாம், உன் முட்டையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். சோடா பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். கை ஜில்லென்று ஆகிவிட்டது. இத்தனை வருடமாக அங்கேதான் வைக்கிறாள் என்றும் அவரே சொன்னார். உன் 'உள்ளுக்க' அதுதான். ஒரு வார்த்தை, அக்கா. ஃபிரிட்ஜ். அதை விழுங்கிவிட்டு "அம்புட்டுதான்" என்றாய்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ "நான் வெயில்ல வைக்கச் சொன்னனாட்டி?" என்பாய். சொல்லவில்லைதான். கூமுட்டை என்ற பெயரோடு, வாழவைத்த வீட்டையே குறை சொல்கிறவள் என்ற பெயரும் சேர்ந்திருக்கும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவளுக்கு அந்த முட்டை ஒண்ணுதான இருக்கு, விடு" என்றார். எனக்கும் என் பெயர் ஒன்றுதான் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

நாங்கள் செம்பூருக்கு வந்ததும் நான் முதலில் வாங்கியது ஃபிரிட்ஜ். கட்டில் அப்புறம்தான். உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஐஸ் தண்ணீர் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "பல்லு கூசுது" என்று கீழே வைத்தாய். அந்த வருடப் பண்டிகைக்கு முட்டை போட்டுக் கொண்டுபோனேன். சத்தியமாகச் சொல்கிறேன், உன்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஏலத்தில் என் வீட்டுக்காரர் ஒருவர்தான் கை தூக்கினார். நாங்களே வீட்டுக்குக் கொண்டுவந்து நாங்களே தின்றோம்.

நீ படுக்கையில் விழுந்து டோம்பிவிலியில் மகள் வீட்டில் இருந்தபோது நான் வந்தேனே, பாசத்தில் வந்தேன் என்று உன் மகள் நினைத்தாள். குர்லாவில் ரயில் மாறி, அந்த நெரிசலில் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தது உன் வாயால் ஒரு வார்த்தை கேட்கத்தான். 'தப்புதான்' என்று சொல்லிவிட்டுப் போயேன் என்றுதான். முட்டையை நாலாக நறுக்கி, ஒரு துண்டை உன் வாயில் வைத்தேன். உன் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஃபிரிட்ஜ்லதான் வச்சேன் அக்கா."

நீ மென்றாய். என்னைப் பார்த்தாய். உனக்குப் புரிந்தது. எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. உன் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாய்.

கம்மி இல்லை. ஒரு கல்கூடக் கம்மி இல்லை. ஒன்பதாம் நாள் நீ போய்ச் சேர்ந்தாய்.

அதன்பிறகு ஒரு வருடம் நான் காத்திருந்தேன். உன் முதல் வருட நினைவு ஜெபத்தைத் தாராவி சபை மண்டபத்திலேயே வைத்தார்கள். சாப்பாட்டுக்கு நான்தான் முட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும், நாலு வார்த்தையும் பேச வேண்டும் என்று உன் மகள் கேட்டாள். எனக்கு இனித்தது. பழைய ஆட்கள் அத்தனை பேரும் வருவார்கள். அவர்கள் முன்னால், உன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். செத்தவளைப் பற்றி இப்படியா என்று காறித் துப்பட்டும், பரவாயில்லை, என் பெயர் எனக்குத் திரும்பி வர வேண்டும். ஒரு வாரம் குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்தேன்.

சொன்னேன், அக்கா. ஒன்றையும் விடவில்லை. அம்புட்டுதான் என்றது, பத்ரா, பதினான்கு நாள், கூல்டிரிங்க்ஸ் கடை எல்லாம். "நான் ஏணில ஏறி எறங்குதத இவ கீழ உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. கெட்டுப் போகும்னு தெரிஞ்சுதான் இருந்தா" என்றேன்.

சிரித்தார்கள்.

முதலில் பின்னால் ஒருத்தி, அப்புறம் மண்டபம் முழுக்க. "அவளேதான்! அப்படியே அவளேதான்!" என்று ஒரு கிழவர் தொடையைத் தட்டினார். "பாத்து ஏறுட்டி, வழுக்கும்" என்று யாரோ உன் குரலிலேயே சொல்ல, மறுபடி சிரிப்பு. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நான் வெளையாட்டுக்குச் சொல்லல" என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். உன் மகள் ஓடிவந்து என் தோளில் விழுந்து அழுதாள். "அம்மாவக் கண்ணு முன்னால கொண்டு வந்துட்டீங்க சித்தி." ஓரகத்திகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். முட்டை மீதமில்லை. வெளியே வரும்போது ஒரு பெண் தன் மருமகளிடம் என்னைக் காட்டி, "அதான் கூமுட்டை எஸ்தர், தங்கமான மனுஷி" என்றாள்.

இருபத்தேழு வருடத்துக் கோபத்தை எடுத்துக்கொண்டுபோய் உனக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் தெரியாதவள் மாதிரி வேறு பக்கம் பார்த்திருப்பாய்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. நாளைக்கு மோட்சத்தில் உன் பக்கத்து அறையைக் கொடுத்தாலும் மன்னிக்க மாட்டேன். இதை இனி நான் யாரிடம் சொன்னாலும் பாசம் என்கிறார்கள். நான் மெய்யாகவே சொல்கிறேன் என்று தெரிந்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள், அவளும் போய்விட்டாள்.

எஸ்தர்