சர்க்கார் சாம்பல்

நங்கையா,

கோவிந்தாபுரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பையைத் திறந்தாள். அவித்த நிலக்கடலை, சூடு ஆறாத வாசம். "தின்னுங்கம்மா" என்று ஒரு கை அள்ளி நீட்டினாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் வெயிலில் நின்றேன். அவளுக்கு என்ன தெரியும், பாவம். நீங்கள் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. உங்களோடு பேசுவது மட்டும் எனக்கு நிற்கவில்லை.

என் வீட்டுக்காரரின் அக்கா நீங்கள். புருஷன் செத்ததும் கைக்குழந்தை மரகதத்தோடு கேரள எல்லைக்குள் இருக்கிற வடகரப்பதிக்குத் திரும்பி வந்து, உங்கள் பங்குக் காட்டில் நீங்களே பாடுபட்டவர். நான் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குப் பயமெல்லாம் உங்களிடம்தான். "ஏனம்மிணி, மம்பட்டி புடிக்கத் தெரியுமா, இல்ல கோலம் போட மட்டுந்தான் தெரியுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். கோலமும் வராதுங்க என்றேன். சிரித்துவிட்டீர்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் நீங்களும் நானும் ஒரு கட்சி.

எமர்ஜென்சி சமயம். பிளாக் ஆபீசில் புது ரக நிலக்கடலை விதை கொடுத்தார்கள். உரித்து, பொடி பிசறி, சாக்கில் கட்டியிருந்தது. சாக்கின் மேல் மலையாளத்தில் என்னவோ அச்சடித்திருந்தார்கள். நாம் எல்லாரும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தோடு சரி. கொடுத்தவர் அதைப் படித்துச் சொல்லவும் இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

விதைக்குச் சாம்பல் பிசறி வைப்பதுதான் நம் வழக்கம். பூச்சி அண்டாது, கழுவினால் போய்விடும். அந்தப் பொடியைத் தொட்டுப் பார்த்து, "சர்க்கார் சாம்பல் வெள்ளையா இருக்குது பாரு அம்மிணி, நம்முளுது மாதிரி அழுக்கா இல்ல" என்றீர்கள். நானும் சிரித்தேன்.

விதைத்து மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, காட்டிலேயே அவித்து, விதைத்த கையெல்லாம் ஒரு பிடி தின்ன வேண்டும், அப்போதுதான் காடு விளையும் என்பார்கள். அன்றும் அப்படித்தான் அடுப்புக் கூட்டினோம். இரண்டு தண்ணீர் விட்டு நீங்களே அலசினீர்கள். எனக்கு மசக்கை. ஒன்றிரண்டு மணி வாயில் போட்டதோடு சரி. மரகதம் காலையிலிருந்து ஏருக்குப் பின்னால் நடந்து விதை போட்டவள். கொலைப்பசி. என் பங்கையும் வாங்கித் தின்றாள்.

பொழுது சாய்வதற்குள் தின்ற எல்லாருக்கும் வாந்தி. மரகதத்துக்கு வலிப்பு வந்துவிட்டது. ஜீப் பிடித்துக் கோயமுத்தூருக்கு ஓடினோம். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டியதும் உங்கள் மடியிலேயே அடங்கிப்போனாள்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டுப் போலீஸ், தின்றது கேரளத்தில்தானே என்றார்கள். கேரளத்துப் போலீஸ், செத்தது தமிழ்நாட்டில்தானே என்றார்கள். உணவுக் கலப்படம் பார்க்கிற இன்ஸ்பெக்டர் வந்தார், நல்ல மனுஷன்தான். கடையில் விற்கிற தின்பண்டமாக இருந்தால் கேஸ் எழுதலாம், விதை என் சட்டத்தில் வராது என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போனார். கடைசியில் விதை கொடுத்த ஆபீசுக்கே போனோம். "விதைக்கான் தந்தது. தின்னச் சொன்னது ஆரு?" என்றார் அங்கிருந்த மலையாளத்து ஆபீசர்.

நீங்கள் கத்தவில்லை. கும்பிட்ட கையை இறக்காமல் சொன்னீர்கள்: "எனக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாமுங்க. அந்தப் பொடிதான் என்ற புள்ளயக் கொன்னுதுன்னு உங்க வாயில ஒருக்காச் சொல்லிப்போடுங்க. பெத்தவளே வெசத்த அவிச்சுக் குடுத்தான்னு ஊர்ல பேசறாங்க சாமி."

அவர் அப்போதுதான் உங்களை நிமிர்ந்து பார்த்தார். "கழுகியோ?"

"ரெண்டு தண்ணி ஊத்திக் கழுவுனேனுங்க."

"நல்லா கழுகணும்" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உங்கள் தம்பி என் கையை அழுத்திப் பிடித்தார். அன்றைக்கு ஆபீசில் குரல் உயர்ந்தால் ஜெயில்தான் என்று எல்லாருக்கும் நடுக்கம்.

அடுத்த பட்டத்துக்கு விதை செக்கச்செவேலென்று சாயம் போட்டு வந்தது. சாக்கில் மண்டையோடு, பக்கத்தில் தமிழ் எழுத்து. ஏன் மாற்றினோம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. "படிச்சுச் சொல்லம்மிணி" என்றீர்கள். விஷம், விதைக்கு மட்டும், தின்னக் கூடாது என்று படித்தேன். சாக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத எழுதறதுக்கு எத்தன மையி செலவாயிருக்கும்?" என்று கேட்டீர்கள்.

அந்த ஆபீசர் சொன்ன சொல் உங்களை விடவேயில்லை. அரிசியைக் குருணையாகும்வரை கழுவினீர்கள். கீரையைத் துவைக்கிற மாதிரி அலசினீர்கள். என் மகன் வாயில் எதையாவது வைக்கப் போனால் பிடுங்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினீர்கள். படுக்கையில் விழுந்த பிறகும் அதே பேச்சு. "இன்னொரு தண்ணி ஊத்தியிருந்தா பொழச்சிருப்பா அம்மிணி." அப்படியெல்லாம் இல்லைங்க நங்கையா என்பேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். எனக்கே உறுதியாகத் தெரியாதே, எப்படி நம்புவீர்கள்.

நீங்கள் போன பிறகு, கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், அந்தக் காலத்தில் அதே ஆபீசில் வேலை பார்த்தேன் என்றார். கேட்டுவிட்டேன்.

"அந்த மருந்து உள்ள ஊறிப்போயிருமுங்க. ஆத்துல கொண்டுபோய் அலசுனாலும் போகாது."

"அன்னைக்கே தெரியுமுங்களா?"

"ஆபீஸ்ல எல்லாத்துக்கும் தெரியுமுங்க" என்று பாயசத்தை வழித்தார். "சொன்னா எங்க தப்புன்னு ஆயிருமில்லீங்க."

இலையை மூடிவிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து அந்தப் பதிலைச் சுமந்துகொண்டு திரிகிறேன். வாங்கிக்கொள்ளத்தான் நீங்கள் இல்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் மரகதம் செத்துத்தான் போயிருப்பாள், நங்கையா. இதைவிட நல்ல செய்தி உங்களுக்குத் தர என்னிடம் இல்லை.