கதவுக்கு அடியில்

தங்கச்சி,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். ரெண்டு வாய் இறங்கினாலும் போதும். மாத்திரையை அதுக்கப்புறம் போடு.

சாயங்காலம் வர்றேன்னான் அண்ணன். "எழுந்து நாலு எட்டு நடந்தா எல்லாம் சரியாயிடும்"னு ஆரம்பிச்சான். "மனச்சோர்வு என்ன வாயுப்பிடிப்பா, நடந்தா போறதுக்கு?"ன்னு கேட்டு, வர வேண்டாம்னுட்டேன்.

உன் தையல் மெஷினைத் துணி போட்டு மூடிட்டேன். அது உன்னை முறைக்க வேண்டாம். தைக்கக் கொடுத்தவங்க வந்தா நான் பாத்துக்கறேன்.

நேத்து கத்தினது கோவத்துல இல்லடி, பயத்துல.

வீட்டுச் சாவி ஆணியில இருக்கு.

இதுவரைக்கும் எழுதி வச்சுட்டு வாசல் வரைக்கும் போனேன், உன்னை விட்டுட்டுப் போக மனசு வரல. திரும்பி வந்துட்டேன். இந்தச் சீட்டை உன் கதவுக்கு அடியில தள்ளறேன். பேச வேண்டாம், திறக்கவும் வேண்டாம். நீ முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா போதும்; இதையே இந்தப் பக்கம் திருப்பித் தள்ளு, வேலைக்குப் போறேன்.

அதுவரைக்கும் இங்கேயேதான் உக்காந்திருக்கேன்.

அக்கா