பாறைமேல் காய்ந்த துணிகள்

7-8-1962, செவ்வாய்

இன்றும் என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. முதலுதவிப் பயிற்சிக்கு மதுரைக்கு யாரை அனுப்புவது என்று வந்தபோது, இருக்கிற டீச்சர்களில் இளையவள், கல்யாணமாகாதவள் என்று என்னை அனுப்பினார்கள். பேசத் தெரிந்தவளை அனுப்பியிருக்கலாம்.

தலைக்காயத்துக்குக் கட்டுப் போடும் பாடம். தங்கமுத்துவின் தலையில் கட்டு முடிந்ததும் பின்னாலிருந்து ஒருத்தி, "மாப்பிள்ளை ரெடி, பொண்ணு எங்கடி?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பழனி அடிவாரத்தில் விபூதி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "எம்மக பி.எஸ்ஸி." என்று சொல்லிக்கொண்டிருப்பார். இங்கே மகள் பிள்ளைகளோடு பிள்ளையாக.

சிரிக்காதவள் ஒருத்திதான். கந்தம்மாள். ஊர் மலைக்கு உள்ளே கிளாவரை, விடுதியில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். நான் இந்தப் பள்ளிக்கு வந்த ஜூனிலிருந்து அவள் வாயிலிருந்து "உள்ளேன் டீச்சர்" தவிர எதுவும் கேட்டதில்லை.

14-8-1962

மழை. கட்டுத்துணி ஒன்றும் காயவில்லை.

16-8-1962, வியாழன்

தண்ணீரில் விழுந்தவரைக் காப்பாற்றும் பாடம். போன வருஷம் பள்ளிப் பெண் ஒருத்தி ஓடையில் மூழ்கிப் போனாள்; அதற்குப் பிறகுதான் இந்த வகுப்பே வந்தது. அவளைப் பற்றி அதற்குமேல் எனக்கு யாரும் சொன்னதில்லை.

நீச்சல் தெரியாதவள் இறங்கவே கூடாது என்று தொடங்கினேன். எட்டுகிற தூரமானால் கொம்பை நீட்டு. இல்லையென்றால் துணியை எறி, முனையில் ஒரு கல்லை முடிந்து. கரையில் குப்புறப் படுத்து இழு. நின்றால் உன்னையும் தண்ணீர் சேர்த்துக்கொள்ளும்.

கந்தம்மாள் எழுந்தாள்.

"தாவணி போதுமா டீச்சர்? கிழிஞ்சிராதா?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம். குரல்கூட உயர்ந்தது. "போதும். நூல் துணி நனைந்தால் இன்னும் கெட்டி. ரெண்டை முடிஞ்சா தாராளமா எட்டும்" என்று முடிச்சைக் கரும்பலகையில் வரைந்தும் காட்டினேன்.

அவள் உட்காரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றாள். மற்றவர்கள் ஏன் அப்படித் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்?

17-8-1962

கந்தம்மாள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்று விடுதி மேட்ரன் சிவபாக்கியம் அக்கா வந்து சொன்னார். பிறகு மற்றதையும் சொன்னார்.

இறந்த பெண் மரியசெல்வம். மூஞ்சிக்கல்லில் இருக்கும் வீட்டிலிருந்து தினமும் வந்து படித்தவள், கந்தம்மாளின் சிநேகிதி. ஒரு சனிக்கிழமை விடுதிப் பெண்கள் ஓடைக்குத் துணி துவைக்கப் போனபோது துணைக்குப் போயிருக்கிறாள். பாசியில் வழுக்கி, ஓடையின் ஆழமான குழிக்குள் விழுந்துவிட்டாள். மற்றவர்கள் மேட்டுப் பங்களாவுக்கு ஆள் கூப்பிட ஓடினார்கள். கந்தம்மாள் மட்டும் கரையில் நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாளாம். கை எட்டவில்லை.

"சுத்தி இருந்த பாறையிலெல்லாம் தாவணி காஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு சுந்தரி. துவைக்கச் சொல்லி நான் குடுத்துவிட்ட சீலையும்தான். எங்க யாருக்கும் அது தோணவே இல்ல. நீ சொன்ன பெறகுதான்..."

என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தெரியாமத்தான சொன்னேன். தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? சொல்லாம எப்படி இருக்கிறது? அடுத்தவள் விழுந்தால்?

18-8-1962

விடுதித் துணிக்கொடியைப் பார்க்க முடியவில்லை. மூடுபனி இறங்கும்போது கயிறு மறைந்துபோய், துணிகள் மட்டும் தனித்தனியாக நிற்கின்றன. அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது. தோளோடு நனைந்த ஒருத்தி அந்தத் துணிகளுக்கு நடுவே நின்று தன்னுடையதைத் தேடுவதுபோலவே இருக்கிறது.

22-8-1962

கந்தம்மாள் ஒரு கவளம், இரண்டு கவளம் என்று நிறுத்திக்கொள்கிறாள். வகுப்புக்கு வருகிறாள். என் கையையே பார்க்கிறாள்.

"தண்ணி இழுப்புல அந்த எடத்துக்குத் துணி போகாது, நான் வெசாரிச்சேன்னு சொல்லிரு. படிச்ச புள்ள நீ சொன்னா நம்புவா" என்கிறார் அக்கா.

ஒருவேளை உண்மையிலேயே எட்டாதோ? பார்த்தால் என்ன?

25-8-1962, சனி

நானும் அக்காவும் ஓடைக்குப் போனோம். அக்கா பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். அதே சேலை. அதற்குப் பிறகு அவர் அதை உடுத்தவில்லையாம்.

குழி நான் நினைத்ததைவிடச் சின்னது. மரியசெல்வம் கடைசியாகத் தெரிந்ததாகப் பிள்ளைகள் சொன்ன இடத்தை அக்கா காட்டினார். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசினேன். சேலை காற்றில் விரிந்து, காலடியிலேயே விழுந்தது.

"எட்டலை அக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது, நிம்மதியில்.

அக்கா என்னைப் பார்த்தார். "கல்லு முடியலையே நீ."

வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை நானே மறந்துவிட்டேனா? மறக்க நினைத்தேனா?

கல்லை முடிந்து எறிந்தேன். சேலை அந்த இடத்தைத் தாண்டிப் போய் எதிர்ப் பாறையில் மோதியது. பிறகு என் பையிலிருந்த இரண்டு தாவணிகளை முடிந்து எறிந்தேன். அதுவும் எட்டியது.

அக்கா பாறையில் உட்கார்ந்துவிட்டார். சேலையைப் பிழியக்கூட இல்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட மடியில் வைத்திருந்தார்.

27-8-1962

"ஓடைக்குப் போனீங்களாம்" என்றாள் கந்தம்மாள். வகுப்பில் நாங்கள் இருவர் மட்டும்.

"ம்."

"எட்டுச்சா?"

இல்லை என்று ஒரே வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது.

"எட்டுச்சு" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். "எனக்குத் தெரியும் டீச்சர். வராந்தாவுல அளந்து பாத்துட்டேன். நீங்க பொய் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"உனக்கு யாரும் சொல்லித் தரலையே கந்தம்மா."

"ஆமா" என்றாள். ஆனால் அந்த 'ஆமா' என் பேச்சுக்கான பதிலாக இல்லை; தனக்குத்தானே எதையோ ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது.

31-8-1962, வெள்ளி

மரியசெல்வத்தின் அப்பா அருளப்பன் வந்திருந்தார். ஒரு பங்களாவில் தோட்டவேலை பார்க்கிறவர். மப்ளரைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வராந்தாவிலேயே நின்றார். கந்தம்மாள் நேற்றுப் பள்ளி விட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம்.

"அந்தப் புள்ள சொல்றது நெசமாங்க டீச்சர்? எட்டியிருக்குமா?"

"எட்டியிருக்குங்க."

மப்ளரைப் பிரித்து மறுபடி சுருட்டினார். "ஆண்டவர் எடுத்துக்கிட்டாருன்னு பங்குச் சாமியார் சொன்னாருங்க. அதை வச்சுத்தான் இத்தனை நாளும் சோறு தின்னோம்."



போகும்போது திரும்பினார். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அவளை வீட்டுக்கு அனுப்புங்க. எம்பொஞ்சாதி வரச் சொல்றா."

"திட்டவா?" வாயை மீறி வந்துவிட்டது.

"தெரியலைங்க. நேத்துலருந்து அவ வாயே தொறக்கலை. காலையில இது ஒண்ணுதான் சொன்னா."

1-9-1962

அனுப்பவே கூடாது என்கிறார் அக்கா. "பெத்தவ வயித்தெரிச்சலை இந்தச் சின்னது தாங்குமா?"

கந்தம்மாளைக் கேட்டேன். "நான் போகணும் டீச்சர்."

2-9-1962, ஞாயிறு

கூடவே போனேன். அருளப்பன் படலைத் திறந்தார். கந்தம்மாள் மட்டும் உள்ளே போனாள். நான் வெளியே முட்டைக்கோஸ் பாத்தி ஓரத்தில் நின்றேன்.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அந்த அம்மாவின் குரல். "சுத்தி வச்சுக்கிட்டுத்தானடி நின்ன? சுத்தி வச்சுக்கிட்டுத்தானடி நின்ன?" அதே வார்த்தை, திரும்பத் திரும்ப. அடி விழுந்ததா, மார்பில் அடித்துக்கொண்டாரா தெரியவில்லை. நான் படல்வரை போய்விட்டேன். அருளப்பன் கையைக் குறுக்கே நீட்டி, "இருங்கம்மா. அவ அழுவுறா. இருங்க" என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

பிறகு குரல் தேய்ந்தது. பாத்திரச் சத்தம். ரொம்ப நேரம் வேறொன்றும் இல்லை. பனி வந்து வீட்டை மூடிவிட்டது.

கந்தம்மாள் வெளியே வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. ஒரு கன்னம் சிவந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க. பெறகு சாப்பிடச் சொன்னாங்க."

"சாப்பிட்டியா?"

"ம். அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரச் சொன்னாங்க."

"போவியா?"

"போவேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

அப்போதுதான் பின்னலைப் பார்த்தேன். காலையில் அவள் தானே அள்ளி முடிந்திருந்த தலை. இப்போது எண்ணெய் வைத்து, நேர் வகிடு எடுத்து, இழுத்துப் பின்னி மடித்துக் கட்டியிருந்தது. எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் கறுப்பு ரிப்பன்தான். இது சிவப்பு, ஓரம் நைந்த பழைய ரிப்பன்.

யாருடையது என்று நான் கேட்கவில்லை.