பதினேழாவது பாட்டு நம்ம வீட்டில்தான்

2025 நவம்பர் 24, திங்கட்கிழமை, மாலை நாலு பத்து. இருபத்து நாலு பாட்டில் இருபத்து நாலும் பாடியாகிவிட்டது.

அன்பு மகள் சௌமியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், நீ கோயம்புத்தூரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, பரீட்சையை ஒழுங்காக எழுதி நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோர்வை போய்விடும். அம்மாவுக்குத் தொண்டைத் தையல் ஆறிவிட்டது, ஆனாலும் பொங்கல் வரை குரல் எழுப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு அமைதியாக இருக்கிறது, நான் இப்படி எழுதினதை அவளிடம் சொல்லாதே.

நேற்று இங்கே பத்துபஸ்தி பகுதியில் யோகராஜ் மாமா வீட்டு மொட்டைமாடியில் அழகையா சாமி குருபூஜை. சாமி மேல் எனக்கு இருந்த வருத்தம் உனக்குத் தெரியும். மனுஷன் இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி கச்சால் தீவுக்கு வந்து, ரப்பர் பால் வெட்டிக்கொண்டே முருகன் மேல் இருபத்து நாலு பாட்டுக் கட்டினார், எழுதத் தெரியாது, அது குற்றமில்லை. ஆனால் கூட வேலை செய்தவர்களுக்கு வீட்டுக்கு ஒரு பாட்டு என்று பிரித்துக் கொடுத்து, ஒரு வீட்டுப் பாட்டை இன்னொரு வீடு பாடக் கூடாது என்று வைத்தாரே, அதைத்தான் சொல்கிறேன். எங்கள் பவர்ஹவுஸில் ஒரு ஜெனரேட்டர் நின்றால் இன்னொன்று ஸ்டாண்ட்பையில் இருக்கும். சாமி ஸ்டாண்ட்பையே வைக்கவில்லை. குருபூஜையில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் பாடாத வீடு, பாட்டை வேறு வீட்டுக்கு விட்டுவிட வேண்டும். போன வருஷம் அம்மாவுக்குக் காய்ச்சல், நீ ஹாஸ்டலில். இந்த வருஷமும் விட்டால் உன் தாத்தா வாங்கிய பாட்டு போய்விடும் என்று அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். நீ பாடி அனுப்பினால் ஸ்பீக்கரில் போட்டுவிடலாம் என்று யோகராஜ் மாமாவிடம் கேட்டேன். ஸ்பீக்கர் நஹி சலேகா மாப்ளே, அதெல்லாம் ஆகாது, ஸ்பீக்கர் போதும்னா நாங்க எதுக்கு லாங் ஐலண்டிலிருந்தெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டுப் படகில் வர்றோம், எல்லாருக்கும் எல்லாப் பாட்டும் தெரிஞ்சா ஒருத்தரை ஒருத்தர் தேட மாட்டீங்கன்னு சாமியே சொல்லியிருக்கார் என்றார்.

அப்புறம் நானே பாடக் கற்றுக்கொள்ள நீ பரீட்சைக்கு நடுவில் அனுப்பிய ஏழு வாய்ஸ் மெசேஜ். ஒன்பது நாள், ஷிப்டுக்குப் போகும் வழியெல்லாம் அதுதான். அஞ்சாவதில் நீ என்னைத் திட்டியதும் அப்படியே இருக்கிறது. நேற்று பதினேழாவது என்று கூப்பிட்டதும் எழுந்தேன். "மரத்தைக் கீறினா பால் வருது வேலா, என்னைக் கீறினா" என்று பாடினேன். அதற்கு மேல் வரவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஜால்ராவை மட்டும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பஸ் ஒரு நிமிஷம் லேட்டானால் கத்துகிற எனக்காக அத்தனை பேரும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்கள் சௌமி. அம்மாவைப் பார்த்தேன். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். பதினெட்டு வருஷமாக ஜெனரேட்டர் இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவனுக்கு அது போதாதா. "உன் பேரு வரும்" என்று எடுத்தேன், கடைசி வரை பாடிவிட்டேன். சுருதி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ராணி அத்தை இது குத்தமில்லையா என்று கேட்டாள், சத்தம் வரலையே, அப்புறம் என்ன குத்தம் என்று யோகராஜ் மாமா பிரசாதத்தை அவள் கையில் திணித்துவிட்டார். அம்மா நேற்று ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஸ்டாண்ட்பை இல்லை என்று இனி சொல்ல மாட்டேன். நீ கற்றுக்கொடுத்தாய், அவள் எடுத்துக் கொடுத்தாள், சாமி கணக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். உனக்கு நன்றி சொல்ல வாய் வராது, எழுதிவிட்டேன்.

வேலன் துணையிருப்பான். நல்லா இரு, நல்லா படி. எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் அப்பா
ஈஸ்வரன்

இனி நான் செய்யப்போவது:
1. நாளை இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவது.
2. அடுத்த குருபூஜைக்கு நீ வர டிக்கெட்டை முன்கூட்டியே எடுப்பது. பரீட்சைத் தேதி தெரிந்ததும் சொல்.
3. பொங்கல் கழித்து அம்மாவை முதலில் பதினேழாவதைப் பாடச் சொல்லி, எதிரே உட்கார்ந்து கேட்பது.
4. போனில் இடம் இல்லையென்றாலும் அந்த ஏழு மெசேஜையும் அழிக்காமல் இருப்பது. திட்டினதையும் சேர்த்து.