ஏர் படாத மூலை

சேவுகம்பட்டி,
புரட்டாசி மாதம்.

அன்புள்ள ஷைனிக்கு,

தோட்டத்து அத்தை சண்முகவள்ளி எழுதுவது. இங்கே நான் சுகம். பஹ்ரைனில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று, இனி சண்டை. நாகல் நகரில் உன் சித்தி வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய் இந்த விலாசத்தை வாங்கி வந்தேன். போனில் பேசலாமே என்றாள். போனில் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். நான் சொல்ல வந்தது அழுது சொல்கிற விஷயமில்லை.

என் மகன் முகேஷ்குமார் தோட்டத்தை பிளாட் போடுகிறவருக்குப் பேசி முடித்துவிட்டான். உன் மாமா போகுமுன் பட்டாவை அவன் பேருக்கு மாற்றிவிட்டுப் போனார், விற்கிறான். விற்கட்டும். மல்லிகையில் என்ன மிஞ்சுகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் கிழக்கு மூலையில் உன் அம்மா ஆரோக்கியம்மாளும், உன் அப்பாவைப் பெற்றவர்களும் கிடக்கிற இடத்தையும் சேர்த்தல்லவா விற்கிறான்! எலும்பை அள்ளிப் பானையில் போட்டு வைப்பார்களாம், வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாமாம். தீபாவளி முடிந்ததும் ஜேசிபி வருகிறது.

உன் அப்பா இந்த நிலத்தை எங்களுக்குக் கொடுத்தபோது கேட்டது ஒன்றே ஒன்று. அந்த மூலையில் ஏர் படக்கூடாது என்றார். உன் மாமா நல்லுசாமி மண்ணைத் தொட்டுச் சரி என்றார். பத்திரத்தில் எழுதவில்லை. வாய்ச்சொல்லுக்கு மேலே எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டார்கள் இரண்டு பேரும். டிராக்டர் வந்த பிறகும், உழவு அந்த மூலைக்கு வந்தால் உன் மாமா ஓடிப்போய் முன்னால் நிற்பார். டிரைவர் ஒடித்துத் திருப்பும்வரை நகரமாட்டார்.

சரி, என் மகன்தான் இப்படி, உன் அப்பாவும் சென்னை மண்ணுக்குப் போய்விட்டார், உன் அண்ணன் ஒரு சத்தம் போட்டால் அடங்குவான் என்று நம்பினேன். சென்னையிலிருந்து உன் அண்ணன் போனில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பியிருக்கிறான். அதுதான் சம்மதமாம்! முகேஷ் அதை என் மூஞ்சிக்கு நேரே ஆட்டுகிறான். பெற்ற தாயைத் தோண்டி எடுக்க ஒரு கட்டைவிரல் போதுமா ஷைனி? பத்து மாதம் சுமந்தவளுக்காகப் பத்து எழுத்து எழுத முடியாதா அவனுக்கு?

இன்னொரு கூத்தையும் கேள். ஒரு புயலில் உன் அம்மா தலைமாட்டுக் கல் சிலுவையின் கை இரண்டும் ஒடிந்துபோனது. உனக்குத் தெரிந்திருக்காது, நீ வந்தே எத்தனை வருஷம் ஆகிறது. மிச்சம் நிற்கிற கல்லுக்கு நான் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நம் தோட்டத்துப் பூவைச் சாத்துவேன். எனக்குத் தெரிந்த மரியாதை அதுதானே. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றுவேன். வி.ஏ.ஓ. வந்து அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, இது கல்லறையே இல்லை, ஏதோ பொம்பளைங்க கும்பிடுற சாமிக்கல்லு, கோயில் பக்கமா நகட்டி வச்சுக்கங்கம்மா என்கிறார். முகேஷும் வாய் கூசாமல், ஆமா சார், அம்மா சும்மா கும்பிடும் என்கிறான். அடப்பாவிகளா, அடியில ஆள் கெடக்குய்யா என்று கத்தினேன். அப்படியானால் அந்தக் குடும்பத்து ஆள் யாராவது சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார். நான் பூசிய மஞ்சளே உன் அம்மாவை மறைத்துவிட்டது. இதற்கு நான் யாரைப் போய் அடிக்க?

அத்தைக்கு ஏன் இம்புட்டு ஆத்திரம் என்று நினைப்பாய். முகேஷுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். பேர் வைக்குமுன்னே போய்விட்டாள். அப்போது எங்களுக்குச் சாண் நிலம் கிடையாது, உங்கள் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறித்துக்கொண்டிருந்தோம். ஊர்ச் சுடுகாட்டில் வைத்தால் நாய் தோண்டிவிடும் என்று நான் அலறினேன். உன் அம்மாதான், எங்க மாமியா காலடியில வையிடி, பிள்ளைகன்னா அதுக்கு உசுரு என்றாள். உங்கள் சர்ச் சாமியார் என்ன சொல்வாரோ என்று உன் அப்பா இழுத்தார். அதை நான் பாத்துக்கிறேன் என்றுவிட்டாள். பிறகு தன் காலம் வந்தபோது, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே தன்னையும் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். இதை முகேஷிடம் சொன்னேன். பார்க்காத அக்காவுக்காக இருக்கிற பிழைப்பைக் கெடுக்கவா என்று கேட்கிறான். அவன் பார்க்கவில்லை, சரி. நான் பார்த்தேனே!

நீயும் அந்த வீட்டுப் பிள்ளைதான். உன் அண்ணனுக்கு இருக்கிற உரிமை உனக்கும் உண்டு. என் தாய் அங்கே இருக்கிறாள், அந்த மூலையையும் போகவரப் பாதையையும் விட்டுவிட்டுத்தான் பிளாட் போட வேண்டும் என்று தாசில்தாருக்கு உடனே எழுதி அனுப்பு. லீவு கிடைத்தால் நீயே வந்துவிடு. அதற்குள் ஜேசிபி வந்தால் நான் அதன் முன்னால் உட்காருவேன். பெத்தவள் மேல் ஏற்றிக்கொண்டு போகிறானா என்று பார்க்கிறேன்.

உங்கள் மாதாவும் எங்கள் மாரியாத்தாளும் உன் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்கள். வயிறாரச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

தாயி, தாசில்தாருக்கு எழுதும்போது உன் அம்மா பேருக்குக் கீழே, பக்கத்தில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடு. அவள் பிறந்தாள் என்பதற்கு வேறு எந்தக் காகிதமும் என்னிடம் இல்லை.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
சண்முகவள்ளி அத்தை