காலிப் பட்டியல்

அன்புள்ள அம்மாவுக்கு, நைரோபியிலிருந்து யெஷிமேபெத். ஆண்டவர் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வேலையில் ஒரு சின்னச் சங்கதி. நம்மூர் ஆஸ்பத்திரி கேட்கும்போது, ரத்த வங்கியில் இருப்பதைத் தேடிச் சொல்லும் ஜாவா லைப்ரரியை, அதாவது கம்ப்யூட்டர் நிரல் தொகுப்பை, பார்த்துக்கொள்வது நான்தான். செவ்வாயன்று எதைக் கேட்டாலும் காலிப் பட்டியலைத் தந்தது. பிழை என்று கத்தியிருந்தாலாவது பரவாயில்லை.

பிரசவமான ஒருத்திக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. நர்ஸ் வொர்க்நேஷ் போனில் பிடித்துக்கொண்டார்.

"ரத்தமே இல்லைங்குது உன் மிஷின். பக்கத்து ஊருக்கு வண்டியில ஏத்தட்டுமா? வழியில தாங்கமாட்டா."

"கொஞ்சம் பொறுங்க அக்கா."

காலாவதியானதை ஒதுக்கும் தேதி நிபந்தனையை எடுத்துவிட்டுத் தேடினேன். பைகள் வரிசையாக வந்தன. எல்லாமே 2018இல் காலாவதி.

"அக்கா, நம்மூர்ல இது என்ன வருஷம்?"

"பதினெட்டு. நீ எந்த ஊர்க்காரிடி?"

இங்கே இருபத்தாறு; நம் நாட்காட்டிதான் எட்டு வருடம் பின்னால் ஓடுகிறதே. நம் வருடத்தை இங்குள்ள வருடமாக மாற்றும் நிரல் வரியை, இது எதற்கு என்று போன வாரம் நான்தான் நீக்கியிருந்தேன். நல்ல ரத்தத்தையெல்லாம் பழையது என்று லைப்ரரி ஒதுக்கிவிட்டது. வரியைத் திரும்பப் போட்டதும் பட்டியல் நிரம்பியது.

"வண்டி வேண்டாம் அக்கா, ரத்தத்தை ஏத்துங்க."

பிழைத்துக்கொண்டாள். கவலைப்படாதீர்கள்.

யாராவது வந்தால் பெர்பெரே மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். கூடவே கோயிலில் விற்கும் நம் நாட்காட்டி ஒன்று. கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். அப்பாவின் நினைவுநாள் போய்விட்டதா அம்மா?

யெஷி