சலவை நோட்டில் எழுதிய கனவுகள்

ஜூலை 7, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பேராசிரியர் நம் இருவரையும் ஜோடி சேர்த்து ஆய்வு செய்யச் சொன்ன நாளிலிருந்து உங்களுக்கு எழுதக் கை துறுதுறுக்கிறது. அக்கா என்று கூப்பிடலாம் இல்லையா? திரையில் பார்த்தால் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராகத் தெரிகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. என்ன செய்ய? இந்த விடுதிப் பள்ளியில் யார் கையிலும் போன் இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் இல்லை, வார்டனான எனக்கும் இல்லை. சனிக்கிழமை மதியம் இணைய வகுப்புக்காக மட்டும் தலைமையாசிரியை பீரோவைத் திறந்து என் போனைத் தருவார். முடிந்ததும் வாங்கிப் பூட்டிவிடுவார். அதற்குப் பதிலாக ஞாயிறு பத்து மணிக்குப் பள்ளி மொத்தமும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். பதினான்கு வருடமாக நானும் உட்காருகிறேன். எழுத ஆள் இல்லாததால் இத்தனை நாள் சலவைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். இனி நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

நூறு கனவுகள் வேண்டும் என்கிறார் பேராசிரியர், செப்டம்பர் கடைசிக்குள். வீட்டை விட்டுத் தள்ளியிருக்கும் பிள்ளைகளின் கனவுகள். நான் சேர்க்கிறேன், நீங்கள் வகை பிரியுங்கள். காலை மணி அடித்ததும் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்கிறேன். கால் தரையில் படுவதற்குள் கேட்டுவிட வேண்டும். பட்டால் போச்சு, மறந்துவிடுகிறார்கள். ஆய்வில் பெயர் போடக் கூடாது என்பதால், அவரவர் படுக்கை விரிப்பின் மூலையில் தைத்திருக்கும் சலவை எண்ணையே போட்டு, சலவை நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதோ முதல் தவணை.

எண் 27: பள்ளி முழுக்கத் தண்ணீர். கட்டிலில் உட்கார்ந்தபடியே துடுப்புப் போட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் அம்மா, "செருப்பைக் கழட்டிட்டு வா" என்றாளாம்.

எண் 41: வெறும் வாசனை. என்ன வாசனை என்று சொல்ல மாட்டாளாம், அது அவளுடையதாம்.

அக்கா, போன வருடம் நான் கோட்டை விட்டேன். இந்த வருடமும் விட்டால் சேர்க்கையே ரத்து. பட்டம் வாங்கிவிட்டால் என்னைப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக்கி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையைத் தருவதாகத் தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருக்கிறார். சின்ன அறைதான், ஆனால் கதவு இருக்கிறது. ஒரு பிள்ளை உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஆற அமர அழுதுவிட்டுப் போகலாம். அந்தக் கதவுக்காகத்தான் நாற்பது வயதில் இந்தப் பாடு.

பதிலுக்கு உறைமேல் "நோயறைக் கட்டடம், மாடி" என்று எழுதினால் என் கைக்கு வரும்.

இப்படிக்கு,
தலையணை
பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் கூப்பிடும் பெயர் அது. எனக்கு எக்கச்சக்கமாகப் பிடித்திருக்கிறது.


ஜூலை 19

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா என்றே கூப்பிடு. ஆனால் ஐந்து வயதுதான் மூப்பு. ஏழெட்டு என்றதை லேசில் மறக்க மாட்டேன்.

நான் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவள். எந்த வண்டி எந்த நடைமேடை என்று நாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே பிடிக்காது. திறந்தாலும் கேட்க ஆளில்லை, அது தனிக் கதை. இரண்டு வண்டிக்கு நடுவே உன் கனவுகளை வகை பிரிக்கிறேன். எண் 27-ஐத் தண்ணீரில் சேர்ப்பதா வீட்டில் சேர்ப்பதா என்று யோசித்ததில், ஒன்றாம் நடைமேடை வண்டியை மூன்று என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். பெட்டியும் கையுமாக ஜனம் ஓடியதைப் பார்க்க வேண்டுமே. மேலாளர் என்னைக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார். ஒரு பெண் கட்டிலில் துடுப்புப் போடுகிறாள் என்றா சொல்ல முடியும்?

எனக்குக் கனவே வருவதில்லை. ஆறு வருடம் ஆகிறது. அதனாலோ என்னவோ, பிறத்தியார் கனவைப் படிப்பதில் ஒரு பேராசை. நிறைய அனுப்பு.

உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
மைக் அக்கா


ஆகஸ்ட் 4, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு முன்னைக்கு இப்போது பரவாயில்லை. இந்த இருமல்தான் விட்டபாடில்லை. உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மொட்டைமாடியில் நான்கு தடவை படித்தேன். விடிகாலையில் இங்கே மூடுபனி. விளையாட்டுத் திடல் இருக்கிற இடமே தெரியாது, மணிச்சத்தம் மட்டும் எங்கிருந்தோ வரும். பனிக்குள் நடந்து கூடத்துக்குள் போனால் நாற்பது பிள்ளைகள் பாதி இங்கேயும் பாதி வேறெங்கேயுமாகக் கிடப்பார்கள். அந்த ஒரு நிமிடம்தான் அக்கா என் நாளிலேயே நல்ல நிமிடம். நானும் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

எண் 19: தன் நிழல் மட்டும் விடுமுறைக்குப் போய்விட்டு வந்தது. நிழல் கொஞ்சம் குண்டாகியிருந்தது.

எண் 33: அப்பா சின்னப் பிள்ளையாகி இவள் வகுப்பிலேயே சேர்ந்துவிட்டார். கணக்கில் முட்டை.

ஒரே கவலை. இதுவரை ஐம்பத்திரண்டுதான் தேறியிருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து நான்கு வாரம் விடுமுறை. பிள்ளைகள் இல்லாத விடுதியில் கனவுக்கு நான் எங்கே போவேன்?

உங்கள்,
தலையணை


ஆகஸ்ட் 21

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டுவதானால் திட்டிக்கொள். உனக்குக் கூடுதல் நாள் கொடுக்கச் சொல்லிப் பேராசிரியருக்கு எழுதினேன். ஆறு வாரம் கொடுத்துவிட்டார். மருத்துவச் சான்றுகூடக் கேட்கவில்லை.

நீ படுக்கையிலிருந்தே வகுப்புக்கு வருவது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான். உன்னைச் சுற்றி வெள்ளைத் துணி, தலையில் துண்டு, காற்றுப் போல ஒரு குரல். அன்றைக்கு உன் பின்னால் நர்ஸ் மருந்துத் தட்டோடு போனதைப் பார்த்ததும் நான் கேமராவை அணைத்துவிட்டு அழுதேன். பள்ளி நோயறையிலேயே உன்னைப் போட்டு வைத்திருக்கிறார்களே, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டார்களா?

தனிக் கதை என்றேனே, அது இதுதான். எனக்கு ஒரு தங்கை இருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் இதே மாதிரி வெள்ளைத் துணிக்கு நடுவில் படுத்திருந்தாள். தினமும் போனேன். டாக்டர் சொன்னதைப் பேசினேன், வண்டி தாமதமானதைப் பேசினேன். அவளிடம் உண்மையாகப் பேச வேண்டியதை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். ஒரு நாளைக்கு அந்த நாளை இல்லாமல் போய்விட்டது. உனக்கு எழுத உட்கார்ந்தால் அவளுக்கு எழுதுவது போலவே இருக்கிறது. தப்பாக நினைக்காதே.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 1, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தடவை பதில் எழுதி மூன்று தடவையும் கிழித்தேன். ஆறு வாரத்துக்கு நன்றி. நீங்கள் நினைக்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் இல்லை அக்கா. நம்புங்கள்.

வீட்டுக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட நாலைந்து பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எண் 8: வழியில் ஒரு பை கிடந்தது. தன்னுடையது இல்லை என்று தெரிந்தே எடுத்து மாட்டிக்கொண்டாள். அளவாக இருந்ததாம்.

எழுந்ததும் அழுதாள். கனவுதானே, விடு என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன எனக்கே அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தலையணை


செப்டம்பர் 11

என் தங்கச்சிக்கு,

ஒன்றும் இல்லை, நம்பு என்று என் தங்கையும்தான் சொன்னாள். நம்பினேன். இந்தத் தடவை ஏமாற மாட்டேன். 28-ம் தேதி சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டேன். முதல் வண்டியை நானே அறிவித்து, மைக்கை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, நானே ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். பத்து மணிக்கெல்லாம் உன் கட்டிலருகே இருப்பேன். நீ என்ன சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டு எழுது.

அக்கா


செப்டம்பர் 15, ஞாயிறு

அக்கா,

வராதீர்கள் என்று எழுத மனம் வரவில்லை. ஆனால் வருமுன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஒரு நோயும் இல்லை.

நோயறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. அது காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு. மாடியில் நான் இருப்பது துணி அறை. அலுவலகத்து இணையம் அந்த ஒரு அறைக்குத்தான் எட்டும். கொடியில் விரிப்புகள் காயும், நடுவே மெத்தைகளை அடுக்கி அதன்மேல் உட்காருவேன். கீழே பிள்ளைகள் தூங்குவதால் மெதுவாகப் பேசுவேன். ஈரக்காற்றுக்குத் துண்டு. அந்துருண்டை நெடிக்கு இருமல். நர்ஸ் மேலே வந்தது தட்டுக்கு விரிக்கத் துணி எடுக்க.

உடம்பு எப்படி என்று நீங்கள் கேட்டதை, எல்லாரும் கடிதத்தில் கேட்பதுதானே என்று எடுத்துக்கொண்டேன். எல்லாரும் எழுதுவது போலப் பரவாயில்லை என்று எழுதினேன். அதுவரை என் மேல் தப்பில்லை. ஆகஸ்ட் கடிதத்துக்குப் பிறகு முழுக்க என் தப்புதான். தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். ஆறு வாரம் வேண்டியிருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. என் உடம்பைப் பற்றி யாரும் இவ்வளவு பதறிக் கேட்டதே இல்லை. இன்னும் ஒரே ஒரு கடிதம் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

நேற்று வகுப்பு முடிந்ததும் பேராசிரியருக்கு உண்மையை எழுதிவிட்டேன். கூடுதல் நாள் இனி கிடையாது. மாதக் கடைசிக்குள் நூறு தேறாது, கையில் இருக்கிற அறுபத்தெட்டுக் கனவுகளோடு என் பகுதியைக் கொடுக்கிறேன். உங்கள் பகுதியைத் தனியாக மதிப்பிடும்படி கேட்டிருக்கிறேன். உங்கள்மேல் ஒரு சொல் வராது.

உங்கள் தங்கை படுத்த இடத்தில் நான் போய்ப் படுத்துக்கொண்டேன். இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தலையணை


அக்டோபர் 20, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

28-ம் தேதி வாசலில் நின்றேன். முதல் வண்டி வந்தது. அதற்குப் பிறகு நான்கு வண்டிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் நின்றேன்.

என் ஆய்வு போதாது என்று முடிவு வந்துவிட்டது. சேர்க்கை ரத்து. மாடிப்படி அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். தலைமையாசிரியை அன்று டீயைத் தன் கையால் கொண்டுவந்து கொடுத்தார்.

கனவு கேட்பதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் விடுவதாயில்லை. மணி அடித்ததும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வார்டனம்மா, சீக்கிரம் வாங்க, மறந்துரும்" என்று கத்துகிறார்கள். நேற்றோடு நூறு தாண்டிவிட்டது. படிக்க யாருமில்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்ல?

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். நேற்று அத்தனையையும் ஒருத்தியாக மடித்தேன். ஒரு மூலைகூட ஒழுங்காக வரவில்லை.

நீங்கள் பதில் போட வேண்டும் என்று இதை எழுதவில்லை. ஞாயிறு பத்து மணி ஆகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

தலையணை


நவம்பர் 12, விடிகாலை

தலையணைக்கு,

கட்டிலில் இருந்தே எழுதுகிறேன். கால் இன்னும் தரையில் படவில்லை. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

எனக்குக் கோபம் தீரவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு முதல் வண்டியை அறிவித்தேன், ஏறவில்லை. என் தங்கையை இரண்டாம் தடவை பறிகொடுத்தது போல இருந்தது. கூடவே, நீ சாகப் போவதில்லை என்று ஒரு நிம்மதி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் பகுதி தேறிவிட்டது. அதற்காக உன்னிடம் வருத்தமெல்லாம் தெரிவிக்க மாட்டேன்.

இப்போது ஒரு கனவு வந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு. இதைச் சொல்ல நோட்டு வைத்திருக்கிற வேறு ஆள் எனக்கு யார்?

பெரிய அறை. கொடி கொடியாக வெள்ளை விரிப்புகள், காற்றில் உப்பிக்கொண்டு. என் தங்கை படுத்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தாள். ஒரு விரிப்பை எடுத்து இரண்டு மூலைகளை என் கையில் கொடுத்தாள். மறுபக்கத்தைப் பார்த்தால் நீ பிடித்திருக்கிறாய். "இழுத்துப் பிடிங்க அக்கா" என்கிறாய். நாம் மடித்து மடித்துக் கிட்டே வருகிறோம். அவள் பக்கத்தில் நின்று, மூலை சரியாக வரவில்லை என்று குறை சொல்கிறாள். அவள் எப்போதும் அப்படித்தான். மடித்து முடித்ததும், சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று உனக்கு எழுத மாட்டேன். அது என்னுடையது.

எனக்கு என்ன எண் என்று எழுது. காலியாக இல்லையென்றால் புதிதாக ஒன்று தை.

கால் வைக்கிறேன். முதல் வண்டிக்கு நேரமாகிறது.

அக்கா